எட்டு வருஷமும் இருபது கேட்டும்

விமானம் எவ்வளவு தூரம் பறக்கலாம் என்பதை இன்ஜினும் எரிபொருளும் முடிவு செய்யும். அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில், லவ் ஃபீல்ட் விமான நிலையத்தில், 34 வருஷம் அதை ஒரு சட்டம் முடிவு செய்தது. இந்த வாரக் கேள்விகள் எல்லாம் அந்தச் சட்டத்தையும், அதை முடித்து வைத்த சமரசத்தையும் பற்றியவை.

கேள்வி: இந்த ஏர்போர்ட்டிலிருந்து இன்ன இடத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று சட்டமா? நம்ப முடியவில்லையே சார். – கல்லூரி மாணவர், திருச்சி

நம்புங்கள் தம்பி. 1980 பிப்ரவரியில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட விமானப் போக்குவரத்துச் சட்டத்துக்குள் ஒரு சின்னப் பிரிவாக அது உட்கார்ந்திருந்தது. ரைட் திருத்தம் என்று பெயர். லவ் ஃபீல்டிலிருந்து கிளம்பும் பெரிய விமானங்கள் டெக்சாஸுக்குள் பறக்கலாம். டெக்சாஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் லூசியானா, ஆர்கன்சா, ஓக்லஹோமா, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களுக்குப் பறக்கலாம். அதற்கு அப்பால் கிடையாது. விமானக் கட்டணத்தையும் வழித்தடத்தையும் கம்பெனிகளே முடிவு செய்யட்டும் என்று நாடு முழுக்கக் கதவைத் திறந்துவிட்ட சட்டம் வந்தது 1978-இல். திறந்த கையோடு ஒரே ஒரு ஊருக்குப் பூட்டு.

கேள்வி: ஆக, அது தூரக் கட்டுப்பாடுதானே? – ஆசிரியை, கும்பகோணம்

கிலோமீட்டரில் பார்த்தால் கணக்கு உதைக்கும் அம்மா. டெக்சாஸின் மேற்கு மூலையில் இருக்கும் எல் பாசோ, லவ் ஃபீல்டிலிருந்து சுமார் 900 கிலோமீட்டர். தாராளமாகப் பறக்கலாம். டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் 700 கிலோமீட்டருக்குள். பறக்கக் கூடாது. தூரம், சத்தம், பாதுகாப்பு எதுவுமே இந்த எல்லையை வரையவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் எந்த மாநிலத்து உறுப்பினரின் கை எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதே வரைந்தது. நீண்ட தூரப் பயணிகள் எல்லாரையும் ஊருக்கு வெளியே இருக்கும் இன்னொரு விமான நிலையத்துக்கு அனுப்புவது ஒன்றுதான் நோக்கம்.

கேள்வி: ஏன் அந்த இன்னொரு விமான நிலையத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு? – ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், விழுப்புரம்

இது பங்காளிச் சண்டை. டல்லாஸும் ஃபோர்ட் வொர்த்தும் 50 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்கள். ஒன்று வங்கி, காப்பீடு, வியாபாரம் என்று வளர்ந்த ஊர்; மற்றது மாட்டுச் சந்தையால் பெயர் வாங்கிய ஊர். ஃபோர்ட் வொர்த்தின் பத்திரிகை அதிபர் ஏமன் கார்ட்டர், வேலையாக டல்லாஸுக்குப் போகும்போது அந்த ஊரில் ஒரு காசு செலவழிக்கக் கூடாது என்று வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டு போவார் என்று இன்றும் சொல்வார்கள். 1940-களில் இரண்டு ஊருக்கும் நடுவில் பொதுவாக ஒரு விமான நிலையம் கட்டலாம் என்று பேச்சு எழுந்தது. டெர்மினல் கட்டடம் ஃபோர்ட் வொர்த் பக்கம் பார்த்திருக்கிறது என்ற கோபத்தில் டல்லாஸ் விலகிக்கொண்டது. வாசல் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதில் ஒரு விமான நிலையமே நின்றுபோனது!

பிறகு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். மத்திய அரசின் விமானப் போக்குவரத்து வாரியம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1964-இல் ஒரு உத்தரவு போட்டது: 180 நாளுக்குள் இரண்டு ஊரும் பேசி ஒரே விமான நிலையத்துக்கு இடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாங்களே சொல்வோம். அப்படிப் பிறந்ததுதான் டல்லாஸ் – ஃபோர்ட் வொர்த் சர்வதேச விமான நிலையம். டி.எஃப்.டபிள்யூ என்று சுருக்கிச் சொல்வார்கள். 17,000 ஏக்கருக்கு மேல். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைவிடப் பெரியது. 1974 ஜனவரியில் திறந்தார்கள். இவ்வளவு பெரிய இடத்துக்குக் கடன் பத்திரம் போட்டுப் பணம் திரட்டியிருக்கிறார்கள். பயணிகள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டால் கடனை யார் அடைப்பது? அதனால் பழைய விமான நிலையங்களிலிருந்து எல்லா விமான கம்பெனிகளும் புது இடத்துக்கு மாறிவிட வேண்டும் என்று 1968-லேயே இரண்டு நகராட்சிகளும் சேர்ந்து விதி செய்திருந்தன. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

கேள்வி: அப்புறம் ஒரு கம்பெனி மட்டும் எப்படி மாறாமல் நின்றது? – வாசகர், சிவகாசி

மாறுகிறோம் என்று மற்றவர்கள் கையெழுத்துப் போட்டபோது அது பறக்கவே ஆரம்பிக்கவில்லை. சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ். ரோலின் கிங் என்ற தொழில்முனைவரும், ஹெர்ப் கெல்லஹர் என்ற வக்கீலும் 1967-இல் பதிவு செய்த கம்பெனி. பழைய கம்பெனிகள் போட்ட வழக்குகளைத் தாண்டி 1971 ஜூன் 18 அன்றுதான் முதல் விமானத்தைக் கிளப்ப முடிந்தது. டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்று மூன்றே ஊர். மூன்றுமே டெக்சாஸுக்குள். மாநில எல்லையைத் தாண்டாததால் மத்திய வாரியத்தின் அதிகாரமும் அதன்மேல் செல்லவில்லை.

ஊருக்குள், டவுனிலிருந்து 10 கிலோமீட்டரில் விமான நிலையம் இருந்தால்தான் ஹூஸ்டனுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர் காரை விட்டுவிட்டு விமானம் ஏறுவார். அந்தக் கம்பெனியின் பிழைப்பே அதுதான். வெளியேற்றச் சொல்லி 1972-இல் இரண்டு நகரங்களும் விமான நிலைய வாரியமும் வழக்குப் போட்டன. லவ் ஃபீல்ட் விமான நிலையமாகத் திறந்திருக்கும் வரை சவுத்வெஸ்ட்டை வெளியேற்ற முடியாது என்று 1973-இல் தீர்ப்பு வந்தது. மற்றவர்கள் எல்லாம் மூட்டை கட்டிப் போன பிறகு காலியான டெர்மினலில் அது மட்டும் தங்கியது.

கேள்வி: ரைட் என்பவர் யார்? – வாசகி, நாகர்கோவில்

ஜிம் ரைட். ஃபோர்ட் வொர்த்தின் காங்கிரஸ் உறுப்பினர். அப்போது பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். 1987-இல் சபாநாயகரே ஆனார். 1979-இல் சவுத்வெஸ்ட் லவ் ஃபீல்டிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் பறக்க அனுமதி வாங்கியது. இன்று நியூ ஆர்லியன்ஸ் என்றால் நாளை நியூயார்க் என்று ரைட் கணக்குப் போட்டார். வேறு மாநிலம் எதற்குமே பறக்கக் கூடாது என்பதுதான் அவர் முதலில் கொண்டுவந்தது. செனட்டில் அது ஓடவில்லை. பேசிப் பேசி, சுற்றியுள்ள நான்கு மாநிலம் வரை என்று முடிந்தது. ஆகவே தடையே ஒரு சமரசம்தான். தன் தொகுதியின் முதலீட்டைக் காப்பாற்ற ஒரு உறுப்பினர் போராடியதை நான் குறை சொல்லவில்லை. முடிவுத் தேதி இல்லாமல் சட்டம் எழுதியதைச் சொல்கிறேன். டி.எஃப்.டபிள்யூ உலகத்தின் மிகப் பெரிய விமான நிலையங்களில் ஒன்றாக வளர்ந்து நிமிர்ந்த பிறகும், குழந்தைக்குப் போட்ட வேலி அப்படியே நின்றது.

கேள்வி: மாறி மாறிப் போனால் எந்த ஊருக்கும் போய்விடலாமே, ஐயா? நடுவில் இறங்கி அடுத்த விமானம் ஏறினால் போதாதா? – டிராவல்ஸ் உரிமையாளர், மதுரை

தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. அதையும் சட்டம் அடைத்திருந்தது. எல்லைக்கு வெளியே இருக்கும் ஊருக்கு லவ் ஃபீல்டிலிருந்து டிக்கெட் விற்கவே கூடாது. அப்படி ஒரு பயணம் இருப்பதாக விளம்பரமும் செய்ய முடியாது.

லாஸ் ஏஞ்சலஸுக்குப் போக வேண்டிய ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். டல்லாஸிலிருந்து நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி வரை ஒரு டிக்கெட். அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இன்னொரு டிக்கெட். ஆல்புகர்க்கியில் இறங்கி, பெல்ட்டில் சுற்றி வரும் பெட்டியை எடுத்து, கவுன்ட்டருக்குத் தள்ளிக்கொண்டு போய், மறுபடியும் வரிசையில் நின்று, மறுபடியும் லக்கேஜ் போட்டு, புது போர்டிங் பாஸ் வாங்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு அவரே பொறுப்பு. இரண்டு விமானமும் ஒரே கம்பெனியுடையது. விவரம் தெரிந்தவர்கள் இப்படிச் செய்தார்கள். தெரியாதவர்கள் டி.எஃப்.டபிள்யூ போய் அதிகக் காசு கொடுத்தார்கள். பெரிய பெரிய வக்கீல்கள் எழுதிய அந்தச் சட்டத்தின் பாரத்தைக் கடைசியில் பெட்டியோடு சேர்த்துத் தூக்கியது அந்த அம்மாதான்.

கேள்வி: பெரிய விமானம் என்று ஆரம்பத்தில் சொன்னீர்களே. சின்ன விமானம் என்றால்? – மாணவி, ஈரோடு

56 இருக்கை, அதற்குக் குறைவு என்றால் நாட்டின் எந்த மூலைக்கும் பறக்கலாம். இந்தச் சந்தில் லெஜண்ட் ஏர்லைன்ஸ் என்று ஒரு கம்பெனி 2000-இல் நுழைந்தது. நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய டி.சி-9 விமானத்தில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கால் நீட்ட இடம் விட்டு, சரியாக 56 தோல் இருக்கைகளைப் போட்டது. லெம்மன் அவென்யூவில் சொந்தமாக ஒரு டெர்மினலும் கட்டிக்கொண்டது. டி.எஃப்.டபிள்யூவின் ராஜாவான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சும்மா இருக்கவில்லை. தன்னுடைய ஃபாக்கர் 100 விமானங்களையும் 56 இருக்கையாக மாற்றி அதே லவ் ஃபீல்டில் இறக்கியது. வருஷம் முடிவதற்குள், டிசம்பரில், லெஜண்ட் மூடப்பட்டது. ஏறக்குறைய பாதி விமானத்தைக் காலியாக வைத்துக்கொண்டு ஆகாயத்தில் போட்டி போட வைத்த சட்டத்தை என்னவென்று சொல்வது? எரிந்த எரிபொருள் நிஜம்.

கேள்வி: நான்கு மாநிலம் கடைசி வரை நான்காகவே இருந்ததா? – வாசகர், புதுச்சேரி

இல்லை, எட்டானது. 1997-இல் அலபாமா செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி தன் மாநிலத்தையும் மிசிசிப்பி, கான்சஸ் மாநிலங்களையும் சேர்த்தார். 2005-இல் மிசௌரி செனட்டர் கிட் பாண்ட் தன் மாநிலத்தைச் சேர்த்தார். செல்வாக்கான செனட்டர் இருந்த ஊருக்கு விமானம் வந்தது. இல்லாத ஊர் காத்திருந்தது.

மிசௌரியில் நடந்ததைக் கவனியுங்கள். செயின்ட் லூயிசுக்கும் கான்சஸ் சிட்டிக்கும் சவுத்வெஸ்ட் நேரடியாகப் பறக்க ஆரம்பித்ததும் அந்தத் தடத்தில் கட்டணம் மளமளவென்று இறங்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 2006-இல் லவ் ஃபீல்டுக்குத் திரும்பி வந்து போட்டி போட்டது. வேலி இத்தனை வருஷம் யாருடைய பையிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டிருந்தது என்று மக்களுக்குப் புரிந்தது அப்போதுதான்.

கேள்வி: சரி, எதிரும் புதிருமாக நின்றவர்கள் எப்படிக் கைகுலுக்கினார்கள்? – வழக்கறிஞர், சேலம்

பல வருஷம் சவுத்வெஸ்ட் இந்தச் சட்டத்தை ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. 2004 நவம்பரில் அதன் தலைமை நிர்வாகி கேரி கெல்லி, இனிச் சும்மா இருக்க மாட்டோம் என்று அறிவித்தார். அதே சமயம் டெல்டா நிறுவனம் டி.எஃப்.டபிள்யூவில் இருந்த தன் பெரிய தளத்தைச் சுருட்டிக்கொண்டு போக, அங்கே கேட்டுகள் காலியாகக் கிடந்தன. இங்கே வந்துவிடுங்கள் என்று சவுத்வெஸ்ட்டை அழைத்தார்கள். அது வரவில்லை. சட்டத்தை ரத்து செய் என்று ஒரு மசோதா, விடாதே என்று எதிர்ப் பிரசாரம், ஊரெங்கும் விளம்பரப் பலகை. காங்கிரஸில் இருந்தவர்களுக்கு அலுத்துவிட்டது. உங்கள் ஊர்ச் சண்டையை நீங்களே பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

டல்லாஸ் மேயர் லாரா மில்லரும் ஃபோர்ட் வொர்த் மேயர் மைக் மான்க்ரிஃபும் முன்னே நின்றார்கள். இரண்டு நகரங்கள், டி.எஃப்.டபிள்யூ வாரியம், அமெரிக்கன், சவுத்வெஸ்ட் என்று ஐந்து தரப்பு. 2006 ஜூன் 15 அன்று உடன்பாட்டை அறிவித்தார்கள். ஒரே டிக்கெட்டில் மாறிப் போகும் வசதி உடனே. தூரக் கட்டுப்பாடு எட்டு வருஷம் கழித்து முழுக்கப் போகும். அதற்கு ஈடாக லவ் ஃபீல்டில் 32 ஆக இருந்த கேட்டுகள் 20 ஆகக் குறையும். அதில் 16 சவுத்வெஸ்ட்டுக்கு, 2 அமெரிக்கனுக்கு, 2 கான்டினென்டலுக்கு. லவ் ஃபீல்டிலிருந்து வெளிநாட்டு விமானம் எப்போதும் கிடையாது. சவுத்வெஸ்ட், அமெரிக்கன் இரண்டில் எது 80 மைல் வட்டத்துக்குள் வேறு விமான நிலையத்தில் கால் வைத்தாலும் (டி.எஃப்.டபிள்யூவில் அமெரிக்கன் பறப்பது தவிர) 2025 வரை லவ் ஃபீல்டில் கேட்டுகளை இழக்கும் என்றும் எழுதிக்கொண்டார்கள். 2006 அக்டோபர் 13 அன்று ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார்.

பல வருஷம் கோர்ட்டு வாசலில் நின்றவர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து எழுந்தார்கள் என்பதை நான் சாதாரணமாக எண்ணவில்லை. அரசியலில் இது அபூர்வம். அந்த இரண்டு மேயர்களுக்கும் என் மரியாதை உண்டு.

கேள்வி: ஐந்து பேரும் ஒத்துக்கொண்ட பிறகு காங்கிரஸ் எதற்கு? – வாசகர், தஞ்சாவூர்

இரண்டு காரணம். காங்கிரஸ் போட்ட பூட்டைக் காங்கிரஸ்தான் திறக்க முடியும். அடுத்தது, போட்டி போட வேண்டிய இரண்டு கம்பெனிகள் உட்கார்ந்து, இத்தனை கேட்டு எனக்கு, இத்தனை உனக்கு, மீதியை இடித்துவிடுவோம் என்று எழுதிக்கொண்டால் அதற்குச் சாதாரணமாக என்ன பெயர் என்று வணிகர்களுக்குத் தெரியும். போட்டிச் சட்டத்துக்கு இது விரோதம் என்று காங்கிரஸுக்குள்ளேயே குரல் எழுந்தது. சட்டமாகிவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்பது கடினம்.

கேள்வி: கேட் கேட் என்கிறீர்கள். அதை எண்ணி என்ன ஆகப்போகிறது? – இல்லத்தரசி, திண்டுக்கல்

பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்கும் கட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோடு காலியாக இருந்தாலும், பஸ் தயாராக இருந்தாலும், ஆள் ஏற நின்றாலும், நிறுத்தக் கட்டை இல்லையென்றால் உங்கள் பஸ் அந்த ஊருக்குள் வர முடியாது. இருபது கட்டையில் பதினாறு ஒருவர் கையில் என்றால் அந்த ஸ்டாண்டு யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் இந்தச் சமரசத்தில் தோற்றது யார்? – பத்திரிகையியல் மாணவர், சென்னை

மேஜையில் நாற்காலி கிடைக்காதவர்கள்.

லெம்மன் அவென்யூவில் லெஜண்ட் கட்டிய டெர்மினலைச் சொன்னேன் அல்லவா? கேட்டுக் கணக்கு 20-க்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அதை இடித்தார்கள். குத்தகை வைத்திருந்தவர்கள் அரசின் மேல் இழப்பீட்டு வழக்குப் போட்டார்கள். 2016-இல் 13 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முந்தைய சட்டத்தின்படி அந்த இடத்துக்குப் பெரிய வருமான வாய்ப்பே இல்லாதபோது எதை இழந்தீர்கள் என்பது நீதிமன்றத்தின் பார்வை. சட்டப்படி சரியாக இருக்கலாம். நின்றுகொண்டிருந்த நல்ல கட்டடத்தை, கணக்கு உதைக்கிறது என்பதற்காக இடிப்பது எனக்கு வலிக்கிறது.

அடுத்தது டெல்டா. 2014-க்குப் பிறகு லவ் ஃபீல்டில் நாளைக்கு ஐந்து விமானத்துக்கு இடம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. உலகத்தின் பெரிய விமான கம்பெனிகளில் ஒன்றுக்கே இந்த நிலை என்றால் புதிதாகத் தொழில் தொடங்குகிறவன் எங்கே நிற்பான்? ஒன்று சொல்ல வேண்டும்: அமெரிக்கனும் யு.எஸ். ஏர்வேஸும் 2013-இல் இணைந்தபோது, லவ் ஃபீல்டில் அமெரிக்கனுக்கு இருந்த இரண்டு கேட்டுகளை மத்திய நீதித்துறை விடச் சொன்னது. அவை வர்ஜின் அமெரிக்காவுக்குப் போயின. அந்தச் சின்ன வாசல்கூடப் பேச்சுவார்த்தையில் வந்ததல்ல. வேறொரு வழக்கில் வந்தது. பிறகு அந்த வர்ஜின் அமெரிக்காவையும் 2016-இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் வாங்கிவிட்டது. சவுத்வெஸ்ட்டோ கான்டினென்டலின் வாரிசான யுனைட்டெடிடமிருந்து இரண்டு கேட்டுகளை எடுத்து 18-க்குப் போனது.

கேள்வி: முதலில் சிறிய கம்பெனி என்று நாம் பரிதாபப்பட்ட சவுத்வெஸ்ட்தான் கடைசியில் கதவைச் சாத்தியதா? – வாசகர், திருநெல்வேலி

ஆமாம். வெளியே நிற்கும்போது சுதந்திரம் கேட்டது, உள்ளே வந்த பிறகு கேட்டுக் கணக்கு கேட்டது. அது அந்தக் கம்பெனியின் வேலை. அதைத் தடுப்பது சட்டம் எழுதுகிறவர்களின் வேலை. அவர்கள் செய்யவில்லை.

கேள்வி: உடனே ரத்து செய்யாமல் எதற்கு எட்டு வருஷம்? – வங்கி ஊழியர், கரூர்

அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குத் தயாராக அவகாசம். அதன் முழு வலைப்பின்னலும் டி.எஃப்.டபிள்யூவைச் சுற்றிப் பின்னியது. ஒரே நாளில் அவிழ்த்தால் தாங்காது என்றது. லவ் ஃபீல்டில் பழைய டெர்மினலை எடுத்துவிட்டு, 50 கோடி டாலருக்கு மேல் செலவில் 20 கேட்டோடு புதிது கட்டவும் அந்தக் காலம் பயன்பட்டது. 2014 அக்டோபர் 13 அன்று கட்டுப்பாடு முடிந்தது. அன்றே டென்வர், சிகாகோ, லாஸ் வேகஸ், ஆர்லாண்டோ, பால்டிமோர் என்று நேரடி விமானங்கள் கிளம்பின. டி.எஃப்.டபிள்யூ இடிந்து விழவில்லை. முன்னைவிட வளர்ந்தே நிற்கிறது. எத்தனை வருஷம் எந்தப் பூச்சாண்டியைக் காட்டினார்களோ, அது வரவேயில்லை.

கேள்வி: நான் இருப்பது டல்லாஸ் பக்கம்தான். சென்னையிலிருந்து வரும் அப்பா அம்மா லவ் ஃபீல்டில் வந்து இறங்க வாய்ப்பு உண்டா? – வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

வெளிநாட்டிலிருந்து நேராக இறங்க முடியாது அம்மா. அந்தத் தடைக்கு முடிவுத் தேதி கிடையாது. வேறு ஊரில் குடியேற்றச் சோதனை முடித்து உள்நாட்டு விமானம் பிடித்தால் லவ் ஃபீல்டுக்கு வரலாம். வயதானவர்களைப் பெட்டியோடு அலையவிடாதீர்கள். டி.எஃப்.டபிள்யூவுக்கே டிக்கெட் போடுங்கள். ஃபிரிஸ்கோவிலிருந்து இரண்டுமே தூரம்தான்.

கேள்வி: விமானச் சத்தத்துக்குக் கீழே வாழ்கிறவள் நான். ஊருக்குள் விமான நிலையத்தைக் கட்டுப்படுத்துவது நியாயம்தானே? உங்களுக்கு எங்கள் கஷ்டம் தெரியுமா? – வாசகி, பல்லாவரம்

உங்கள் கேள்விதான் இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி. பேசிக்கொண்டிருப்பதைப் பாதியில் நிறுத்தி, விமானம் போகும் வரை காத்திருந்து தொடர்வது எப்படி என்று பல்லாவரத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். டல்லாஸிலும் லவ் ஃபீல்டைச் சுற்றி அடர்த்தியான குடியிருப்புகள். கேட்டு 20 என்று குறைத்ததற்கு அந்த மக்களின் பெயரையும் சொன்னார்கள்.

ஆனால் பாருங்கள், தூங்கும் குழந்தையை எழுப்புவது கேட் அல்ல, விமானம். ஒரு கேட்டில் நாளைக்கு ஐந்து விமானமும் விடலாம், பத்து விமானமும் விடலாம். சவுத்வெஸ்ட் பத்து வரை விட்டது. டல்லாஸிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பும் விமானத்துக்கும் சிகாகோவுக்குக் கிளம்பும் விமானத்துக்கும் கீழே இருப்பவர் காதில் பெரிய வித்தியாசமும் தெரியாது. சத்தம்தான் கவலை என்றால் சத்தத்தை அளந்து வரம்பு போட வேண்டும். இரவு இத்தனை மணிக்கு மேல் கூடாது, இந்த அளவுக்கு மேல் இரையும் விமானம் கூடாது, சுற்றியுள்ள வீடுகளுக்குச் சத்தம் தடுக்கும் ஜன்னல் போட்டுக் கொடு என்று எழுத வேண்டும். உங்களைப் போன்றவர்களின் தூக்கத்தைச் சொல்லி கம்பெனிகளின் பங்கைப் பிரித்தது எனக்குக் கோபம் தருகிறது.

கேள்வி: வேறு ஊர்களிலும் இப்படி உண்டா? – வாசகர், காரைக்குடி

உண்டு. தலைநகர் வாஷிங்டனை ஒட்டி இருக்கிற ரீகன் விமான நிலையத்துக்கு 1,250 மைல் எல்லை. நியூயார்க்கின் லகார்டியாவுக்கு 1,500 மைல். டென்வருக்கும் சனிக்கிழமைக்கும் மட்டும் விலக்கு. லகார்டியா விதி துறைமுக ஆணையம் போட்டது. ரீகன் விதி காங்கிரஸ் கையில். அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை, தங்கள் மாநிலத்துக்கு நேரடி விமானம் வேண்டும் என்று உறுப்பினர்கள் சில விலக்குகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கடைசியாக 2024-இல், நாளைக்கு ஐந்து போய்வரும் சேவைகள். லவ் ஃபீல்டில் ஷெல்பியும் பாண்டும் செய்த அதே கைவேலை.

கேள்வி: எங்கள் ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்றார்கள். பெங்களூரு ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது என்கிறார்கள். இந்த டல்லாஸ் கதையில் எங்களுக்கு ஏதாவது இருக்கிறதா? – சிறுதொழில் முனைவோர், ஓசூர்

இருக்கிறது. பெங்களூரு புது விமான நிலையம் 2008 மே மாதம் திறந்தது. அதைக் கட்டியவர்களுக்குக் கொடுத்த உறுதி: 150 கிலோமீட்டருக்குள் 25 வருஷத்துக்கு இன்னொரு விமான நிலையம் போட்டிக்கு வராது, மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. ஊருக்குள் இருந்த பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தில் பயணிகள் விமானம் அத்தோடு நின்றது. அதே வருஷம் ஹைதராபாத்தில் பேகம்பேட்டுக்கும் அதே கதி. சவுத்வெஸ்ட்டைப் போல கோர்ட்டுப் படியேறி இடத்தைப் பிடித்து நிற்க அங்கே யாருக்கும் சட்டத்தில் பிடி இருக்கவில்லை.

ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் நிலையம் அமையும் என்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2024 ஜூனில் அறிவித்தார்கள். அந்த 25 வருஷம் 2033-இல் முடிகிறது. பெங்களூரு ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த ஒரே அம்சம் இதுதான்: வேலிக்குத் தேதி போட்டிருக்கிறார்கள். நிலம் எடுத்து, அனுமதி வாங்கி, ஓடுபாதை போட்டு முடிக்கவே அத்தனை வருஷம் பிடிக்கும் என்பதால் வேலையைத் தொடங்குவதற்கு அந்தத் தேதி தடையில்லை. ஆனால் ஓசூரைக் கட்ட வருகிறவரும் எனக்கும் 150 கிலோமீட்டர் கொடு என்று கேட்பார். அப்போது சேலத்து விமான நிலையம் என்ன ஆகும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி: 2006-இல் அந்த மேஜையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்? – வாசகி, வேலூர்

தூரக் கட்டுப்பாட்டுக்கு 2014 என்று தேதி போட்டீர்களே, 20 கேட்டு என்பதற்கும் ஒரு தேதி போடுங்கள் என்று கேட்டிருப்பேன். வைத்துக்கொண்டு சரியாகப் பயன்படுத்தாத கேட்டைத் திரும்ப வாங்கி, அந்த ஊரில் இதுவரை இல்லாத கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதச் சொல்லியிருப்பேன். லெம்மன் அவென்யூ டெர்மினலை இடிக்காமல் பூட்டி வையுங்கள் என்றும், சுற்றியிருக்கும் வீடுகளில் இரவுச் சத்தத்தை அளந்து மாதாமாதம் ஊருக்குச் சொல்லுங்கள் என்றும் கேட்டிருப்பேன். இத்தனையும் கிடைக்காவிட்டாலும், ஒரே டிக்கெட், ஒரே லக்கேஜ் என்ற அந்த ஒரு வரிக்காகக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆல்புகர்க்கி கவுன்ட்டரில் பெட்டியோடு நின்ற அம்மாவுக்கு அது எட்டு வருஷம் காத்திருக்காமல் உடனே கிடைத்தது.